இடுப்பு மூட்டு இடிக்குதுன்னு ரிப்போர்ட் வந்தா என்ன அர்த்தம்?

இடுப்பு மூட்டுல எலும்பும் எலும்பும் முட்டுறதைச் சொல்ற எஃப்.ஏ.ஐ.ன்னு மூணு எழுத்து இப்பல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்ல அடிக்கடி கண்ணுல படுது. அது வந்த அன்னைக்கே வீட்டுல ஒருத்தர் "எலும்பு தேஞ்சு போச்சாம்"னு சொல்லுவாரு, சாயங்காலத்துக்குள்ள சொந்தக்காரங்க க்ரூப்புல "மூட்டையே மாத்தணுமாம்"னு ஆகிடும், மறுநாள் யாராவது ஒரு தைலத்தோட பேரை அனுப்பி வெச்சிருப்பாங்க. கபடி ஆடுற இருபத்திரண்டு வயசு பையனுக்கு மூட்டு மாத்துறதான்னு யாரும் நிதானமா யோசிக்க மாட்டாங்க. நான் எக்ஸ்ரே ரூம்ல வேலை பாக்குறவன். கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம் பக்கத்துல இருந்து வர்றவங்க ஃபிலிம் கவரை நீட்டி "இதுல என்னண்ணே போட்டிருக்கு"ன்னு கேப்பாங்க. ரிப்போர்ட் சொல்றது டாக்டரோட வேலை, அதுல நான் தலையிடுறதில்ல. ஆனா இந்த படங்க எதைக் காட்டும், எதைக் காட்டவே காட்டாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் குறையும், தேவையில்லாத ஸ்கேன் செலவும் கொஞ்சம் மிச்சமாகும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

வலி எந்த இடத்துல?

இடுப்பு வலின்னு வர்ற நிறைய பேர் கையை கொண்டு போய் வெக்கிறது முதுகுக்கு கீழ, வேட்டி கட்டுற இடத்துக்கு பின்னாடி. அது முதுகெலும்பு சம்பந்தப்பட்ட இடம். தொடை எலும்பு வந்து சேர்ற ஹிப் மூட்டு அங்க இல்ல, முன்பக்கம் தொடை இடுக்குல நல்லா ஆழத்துல இருக்கு. அந்த மூட்டுக்குள்ள பிரச்சனைன்னா வலி பெரும்பாலும் தொடை இடுக்குல தெரியும், சில பேருக்கு பக்கவாட்டுலயும் புட்டத்துலயும் தெரியும். எங்க வலிக்குதுன்னு கேட்டா கட்டை விரலை பின்பக்கமும் மத்த விரலை முன்பக்கமும் வளைச்சு இடுப்பை பக்கவாட்டுல கவ்விப் பிடிச்சு காட்டுவாங்க, டாக்டருங்க அந்த பிடியை ஒரு அடையாளமாவே வெச்சிருக்காங்க.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, தொடை இடுக்குல வலியோட வந்து, முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதுல கீழ் முதுகுல எல்4-எல்5 எலும்புங்களுக்கு நடுவுல இருக்குற மெத்தை மாதிரி டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு வந்து, அதுக்கே மாசக்கணக்குல மாத்திரை சாப்பிட்டவங்க இருக்காங்க. வயசு ஏற ஏற டிஸ்க் பிதுக்கம் வலியே இல்லாதவங்களுக்கும் ஸ்கேன்ல தெரியும். தப்பான இடத்தை படம் எடுத்தாலும் ஏதாவது ஒண்ணு மாட்டத்தான் செய்யும்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

வீட்டு கொல்லைப்புறத்துல இன்னும் ஆட்டுக்கல் கிடந்தா போய் ஒரு தடவை பாருங்க. கல்லுல ஒரு குழி, குழிக்குள்ள குழவியோட உருண்டை பாகம், மேல பிடி. குழவியை சுத்தலாம், நாலு பக்கமும் சாய்க்கலாம், ஆனா ஒரு அளவுக்கு மேல சாய்ச்சா குழவியோட உடம்பு குழியோட விளிம்புல போய் முட்டும். ஹிப் மூட்டோட அமைப்பும் இதேதான். தொடை எலும்போட மேல் நுனி உருண்டையா இருக்கும், அது தலை. தலைக்கு கீழ எலும்பு ஒடுங்கும், அது கழுத்து. இடுப்பு எலும்புல இருக்குற குழிக்கு அசிடாபுலம்னு பேரு. குழியோட விளிம்பை சுத்தி வளைஞ்சு கொடுக்குற நார் வளையம் ஒண்ணு ஓடும், அதுதான் லேப்ரம். தலையும் குழியும் உரசாம வழுக்கிட்டுப் போறதுக்கு ரெண்டு மேலயும் வழவழன்னு ஒரு குருத்தெலும்பு பூச்சு இருக்கும்.

இப்ப குழவியோட ஒடுங்குற இடத்துல ஒரு புடைப்பு இருக்குன்னு வெச்சுக்குங்க. நேரா சுத்துற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, சாய்ச்சா புடைப்பு விளிம்புக்கு அடியில நுழைஞ்சு இடிக்கும். தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல இந்த மாதிரி எலும்பு புடைச்சிருந்தா அதுக்கு கேம் வடிவம்னு பேரு. குழவி நல்லாத்தான் இருக்கு, கல்லோட விளிம்பு ஒரு பக்கம் அதிகமா ஏறி நிக்குதுன்னா அப்பவும் முட்டும், அது பின்சர் வடிவம். ரெண்டும் ஒண்ணா சேர்ந்து இருக்குறவங்களும் நிறைய. இந்த முட்டலுக்குத்தான் ஃபெமோரோஅசிடாபுலர் இம்பிஞ்ச்மென்ட்னு நீளமா பேர் வெச்சு எஃப்.ஏ.ஐ.ன்னு சுருக்கிட்டாங்க.

கேம் வகையில புடைப்பு உள்ள நுழைஞ்சு நுழைஞ்சு குருத்தெலும்பை விளிம்புல இருந்து உரிக்கும். பின்சர் வகையில முதல்ல அடி வாங்குறது லேப்ரம். சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்தைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் கான்ஸ்ங்கிற எலும்பு டாக்டரும் கூட இருந்தவங்களும் 2003ல ஒரு கட்டுரை எழுதி, இளவயசுல நடக்குற இந்த முட்டல் பின்னாடி மூட்டு தேய்மானத்துக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு தெளிவா முன்வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் இந்த பேரு உலகம் பூரா பரவுச்சு.

மூட்டை நல்லா மடக்கி, முழங்காலை உள்பக்கமா திருப்புறப்பதான் முட்டல் அதிகம். குத்துக்கால் போட்டு உக்கார்றது, தாழ்வான சீட்டுல ரொம்ப நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கிறது, கபடியில சட்டுனு குனிஞ்சு திரும்புறது, இதுல எல்லாம் வலி தெரியலாம். நாட்டியம் கத்துக்கிற பொண்ணுங்களுக்கு முழுமண்டியில இறங்குறப்ப முட்டலாம். அதுல ஒரு விஷயம், மூட்டோட வடிவம் சரியா இருந்தாலும் எல்லை வரைக்கும் வளைச்சா விளிம்புல இடிக்கும், பாலே ஆடுறவங்களை அந்த நிலையிலயே எம்.ஆர்.ஐ.க்குள்ள படுக்க வெச்சு படம் எடுத்து இதைக் காட்டியிருக்காங்க.

கேம் புடைப்பு பெரும்பாலும் வளர்ற வயசுல, பத்து பன்னெண்டு வயசுக்கு மேல எலும்பு முத்துறதுக்குள்ள உருவாகுதுன்னு சொல்றாங்க, அந்த வயசுல தீவிரமா ஃபுட்பால் மாதிரி ஆடுற பசங்களுக்கு கூடுதலா பாத்திருக்காங்க.

இதுவரைக்கும் வந்த சேதி இவ்வளவுதான்: இது எலும்போட வடிவத்துனால வர்ற முட்டல். எலும்பு தேஞ்சு போச்சுங்கிறது வேற விஷயம், முட்டல் பல வருஷம் தொடர்ந்தா சில பேருக்கு தேய்மானத்துல போய் முடியலாம், எல்லாருக்கும் இல்ல.

எக்ஸ்ரேதான் முதல் படி, ஆனா ஒழுங்கா எடுத்த எக்ஸ்ரே

எக்ஸ்ரேன்னாலே இப்ப ஒரு இளக்காரம். "அதுல என்ன சார் தெரியப்போகுது, நேரா எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்"னு வர்றவங்க அதிகம். எலும்போட வடிவத்தைப் பாக்க முதல்ல வேண்டியது எக்ஸ்ரேதான், அதுவும் ரெண்டு கோணத்துல.

ஒண்ணு பெல்விஸ் ஏ.பி., அதாவது படுக்க வெச்சு முன்னாடி இருந்து இடுப்பு எலும்பு முழுசும் வர்ற மாதிரி எடுக்குறது. வலிக்கிற பக்கம் மட்டும் எடுத்தா ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்க முடியாது. ஆளை மல்லாக்க படுக்க வெச்சு ரெண்டு பாதத்தையும் சுமார் 15 டிகிரி உள்பக்கமா திருப்பச் சொல்லுவோம், ஏன்னா தொடை எலும்போட கழுத்து இயல்பாவே கொஞ்சம் முன்பக்கமா நீட்டிட்டு இருக்கும், காலை உள்ள திருப்புனாத்தான் அது ஃபிலிமுக்கு இணையா படுத்து முழு நீளத்துக்கும் தெரியும். வயசானவங்களால அப்படியே வெச்சிருக்க முடியாது, ரெண்டு கட்டை விரலையும் சேர்த்து ப்ளாஸ்டர் ஒட்டிடுவோம். அடுத்த போராட்டம் அரைஞாண் கொடி. வெள்ளிக் கொடின்னா படத்துல வெள்ளைக் கோடா குறுக்க ஓடும், தாயத்து இருந்தா சரியா நாம பாக்க வேண்டிய எலும்பு மேலயே போய் உக்காரும். "சாமி கயிறுப்பா, அவுக்க மாட்டேன்"னு பெரியவங்க பிடிவாதம் பிடிச்சா மேல வயித்துப் பக்கம் ஏத்தி விட்டுட்டு எடுக்குறதுதான் வழி. மடியில சொருகின சுருக்குப் பையை மறந்துட்டு படுத்தா உள்ள இருக்குற சில்லறை எல்லாம் எண்ணிடலாம்.

படுக்குறப்ப இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ, முன்னாடி பின்னாடி சாஞ்சிருந்தாலோ படம் பொய் சொல்லும், நிறைய குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. குழியோட முன் விளிம்பும் பின் விளிம்பும் படத்துல ரெண்டு கோடா தெரியும், சாதாரணமா ஒண்ணை ஒண்ணு வெட்டாம போகும். ரெண்டும் குறுக்க வெட்டிக்கிட்டா முன் விளிம்பு தூக்கலா இருக்கு, பின்சரா இருக்கலாம்னு ஒரு குறிப்பு, இதை க்ராஸ்ஓவர் சைன்னு சொல்லுவாங்க. ஆனா இடுப்பு முன்பக்கம் சாஞ்ச மாதிரி படம் எடுத்துட்டா நல்லா இருக்குற ஆளுக்கும் அந்த கோடுங்க வெட்டிக்கிட்ட மாதிரி வரும். அதனால கைதேர்ந்த டாக்டர் முதல்ல வால் எலும்பு நுனியும் முன்னாடி இடுப்பு எலும்பு ரெண்டும் சேர்ற இடமும் ஒரே நேர்கோட்டுல இருக்கா, ரெண்டுக்கும் நடுவுல 1ல இருந்து 3 செ.மீ. இடைவெளி இருக்கான்னு பாப்பாரு. இல்லைன்னா திரும்ப எடுத்துட்டு வரச் சொல்லுவாரு, அதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது கோணம் டன் வியூ. மூட்டை 45 டிகிரி மடக்கி, காலை கொஞ்சம் வெளிப்பக்கம் விரிச்சு எடுக்குறது. கேம் புடைப்பு பெரும்பாலும் கழுத்தோட முன்-மேல் பக்கத்துல இருக்கும், குழவியோட முன்பக்கம் இருக்குற புடைப்பு நேரா எதிர்ல நின்னு பாக்குறவனுக்கு தெரியாம போற மாதிரி, ஏ.பி. படத்துல அது மறைஞ்சு போயிடும். சீட்டுல வெறும் "ஹிப் எக்ஸ்ரே"ன்னு எழுதியிருந்தா பல இடத்துல ஏ.பி. மட்டும் எடுத்து அனுப்பிடுவாங்க, அப்புறம் "எக்ஸ்ரே நார்மல், வலி மட்டும் இருக்கு"ன்னு ஆளு அலைவாரு. இது எனக்கு ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம்.

இந்த படத்துல அளக்குற முக்கியமான அளவு ஆல்ஃபா கோணம். எலும்போட தலை மேல சரியா பொருந்துற மாதிரி ஒரு வட்டம் போடுவாங்க. வட்டத்தோட நடுப்புள்ளியில இருந்து கழுத்து போற திசையில ஒரு கோடு. அதே நடுப்புள்ளியில இருந்து, எலும்பு எந்த இடத்துல வட்டத்தை விட்டு வெளிய புடைக்க ஆரம்பிக்குதோ அங்க இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் அந்த கோணம், புடைப்பு பெருசா இருந்தா கோணமும் பெருசா வரும். 2002ல இதை முதல்ல எம்.ஆர்.ஐ. படத்துல அளந்தப்ப வலி இல்லாதவங்களுக்கு சராசரி 42 டிகிரியும் முட்டல் உள்ளவங்களுக்கு 74 டிகிரியும் வந்துச்சு. இப்ப 55ன்னு ஒருத்தர் கோடு போடுவாரு, 60ன்னு இன்னொருத்தர் போடுவாரு. அதனால 57ன்னு ரிப்போர்ட்ல வந்துட்டா ராத்திரி தூக்கம் கெட்டுப் போக வேண்டியதில்ல.

பின்சர் பக்கத்துக்கு சென்டர்-எட்ஜ் கோணம்னு இன்னொண்ணு, தலையை குழி எவ்வளவு தூரம் மூடியிருக்குன்னு சொல்றது. 40 டிகிரிக்கு மேல போனா ரொம்ப மூடியிருக்கு, 20க்கு கீழன்னா குழி ஆழம் பத்தல, அது வேற வியாதி, வைத்தியமும் வேற. கூடவே தலைக்கும் குழிக்கும் நடுவுல இருக்குற இடைவெளியையும் பாப்பாங்க. அது 2 மி.மீ.க்கும் கீழ குறைஞ்சிருந்தா தேய்மானம் நல்லா முத்திடுச்சுன்னு அர்த்தம், அந்த கட்டத்துல சின்ன துளை போட்டு புடைப்பை சீவுற ஆபரேஷன் பண்ணாலும் பெருசா பலன் இருக்குறதில்ல.

எம்.ஆர்.ஐ. எப்ப வேணும்

எக்ஸ்ரேல லேப்ரமும் குருத்தெலும்பும் தெரியாது. கிழிசல் இருக்கா, உரிஞ்சிருக்கான்னு பாக்க எம்.ஆர்.ஐ. வேணும். ஆனா இடுப்பு முழுசுக்கும் சேர்த்து மேலோட்டமா எடுத்த படத்துல அஞ்சாறு மி.மீ. அகலம் இருக்குற லேப்ரமோட கிழிசலை கண்டுபிடிக்கிறது கஷ்டம். வலிக்கிற ஒரு ஹிப்பை மட்டும் கிட்ட கொண்டு வந்து, கழுத்தோட அச்சை சுத்தி சுத்தி வெட்டுன மாதிரி எடுக்கணும், அதுக்கு ரேடியல் கட்னு பேரு. புக் பண்றப்பவே எந்தப் பக்கம், எதுக்காகன்னு டாக்டர் எழுதின சீட்டை காட்டிடுங்க. சில சமயம் மூட்டுக்குள்ள ஊசி வழியா கடோலினியம் மருந்தை செலுத்திட்டு எடுக்கச் சொல்லுவாங்க, அது எம்.ஆர். ஆர்த்ரோகிராம். மருந்து கிழிசலுக்குள்ள கசியிறதால ஓட்டை தெளிவா தெரியும். காந்த சக்தி கூடுதலா இருக்குற 3 டெஸ்லா மெஷின்ல நல்லா எடுத்தா பல பேருக்கு இந்த ஊசி தேவைப்படாம போகலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் நம்ம பக்கம் எம்.ஆர்.ஐ. முக்கியம். ரத்த ஓட்டம் நின்னு போய் எலும்போட தலை செத்துப் போற ஏ.வி.என்.ங்கிற வியாதியும் இதே தொடை இடுக்குலதான் வலிக்கும். குடிப்பழக்கம் அதிகம் உள்ளவங்க, ஸ்டீராய்டு மருந்து நிறைய சாப்பிட வேண்டி வந்தவங்க, இவங்களுக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா நார்மலா இருக்கும், எம்.ஆர்.ஐ.ல மட்டும் மாட்டும். இந்த ரெண்டுல ஒண்ணு பொருந்துற ஆளுக்கு "கேம் புடைப்பு இருக்கு, அதான் வலி"ன்னு எக்ஸ்ரேயோட கதையை முடிச்சுடக் கூடாது.

சி.டி. ஸ்கேன் ஆபரேஷன் முடிவானவங்களுக்குத்தான் பெரும்பாலும். எந்த இடத்துல எவ்வளவு எலும்பை சீவணும், தொடை எலும்பு எவ்வளவு முறுக்கியிருக்குன்னு முப்பரிமாணத்துல காட்டும். கதிர்வீச்சு எக்ஸ்ரேயை விட கூட, அதுவும் இனப்பெருக்க உறுப்புங்க இருக்குற பகுதி, அதனால சின்ன வயசுக்காரங்களுக்கு சும்மா பாத்துடுவோமேன்னு எடுக்குறது இல்ல. கர்ப்பமா இருந்தா, இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாக்கூட எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடுங்க.

சுருக்கமா, எலும்பு வடிவத்துக்கு எக்ஸ்ரே, உள்ள இருக்குற மெத்து பாகங்களுக்கும் ஏ.வி.என்.னுக்கும் எம்.ஆர்.ஐ., ஆபரேஷன் திட்டத்துக்கு சி.டி.

படத்துல இருக்குறதெல்லாம் வியாதி இல்ல

கொல்லையில கிடக்குற ஆட்டுக்கல்லை ஃபோட்டோ எடுத்து யாருக்காவது அனுப்புங்க. குழவியில புடைப்பு இருக்குன்னு அவர் சொல்லலாம். அது முட்டுதான்னு ஆட்டிப் பாத்தவங்கதான் சொல்லணும். ஸ்கேனும் அப்படித்தான், அசையாம படுத்திருக்குற மூட்டோட வடிவத்தைக் காட்டும், வலியைக் காட்டாது.

இது வெறும் வாய் வார்த்தை இல்ல. அமெரிக்காவுல ஹிப் வலியே இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்து 2012ல வெளியிட்டாங்க, அதுல 69 சதவீதம் மூட்டுல லேப்ரம் கிழிசல் தெரிஞ்சுது. 2015ல பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்தப்ப, வலி இல்லாதவங்கள்லயே கேம் வடிவம் சுமார் 37 சதவீதம் மூட்டுல இருந்துச்சு, விளையாட்டுக்காரங்க மட்டும்னா பாதிக்கும் மேல. நம்ம கபடி டீமை மொத்தமா கூட்டிட்டு வந்து டன் வியூ எடுத்தா வலியே இல்லாத எத்தனை பசங்க கையில எஃப்.ஏ.ஐ. ரிப்போர்ட் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனாலதான் 2016ல இங்கிலாந்துல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வார்விக் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க. வியாதின்னு சொல்லணும்னா மூணும் ஒண்ணா இருக்கணும்: ஆளுக்கு வலி மாதிரி தொந்தரவு, டாக்டர் கையால பரிசோதிக்கிறப்ப தெரியிற அறிகுறி, படத்துல வடிவ மாற்றம். மூணுல படம் மட்டும் இருந்தா அது வெறும் கேம் இல்லன்னா பின்சர் வடிவம், அவ்வளவுதான், அதுக்குன்னு வைத்தியம் தேவையில்ல.

கையால பரிசோதிக்கிறதுன்னா, மல்லாக்க படுக்க வெச்சு முழங்காலை நெஞ்சு பக்கம் மடக்கி, உள்பக்கமா தள்ளி, பாதத்தை வெளிய திருப்புவாங்க. இதுக்கு ஃபேடிர் டெஸ்ட்னு பேரு. வலிக்கவே இல்லைன்னா முட்டல் இருக்குற வாய்ப்பு குறைவு. வலிச்சா மட்டும் உறுதி ஆகிடாது, மூட்டுக்குள்ள வேற எந்த கோளாறு இருந்தாலும் அந்த திருப்பத்துல வலிக்கும். ஒரு நிமிஷ வேலைதான் இது. ஆளைப் படுக்க வெக்காமலே எம்.ஆர்.ஐ.க்கு எழுதி அனுப்புற இடத்துல "ஒரு தடவை காலை மடக்கிப் பாத்துடுங்க டாக்டர்"னு கேக்க தயங்காதீங்க.

வலி முதுகுல இருந்து வருதா மூட்டுல இருந்து வருதான்னு அப்பவும் சந்தேகமா இருந்தா, அல்ட்ராசவுண்டுல பாத்துக்கிட்டே மூட்டுக்குள்ள மரத்துப் போற மருந்தை ஊசியா போடுவாங்க. கொஞ்ச நேரத்துக்கு வலி காணாம போனா மூட்டுதான் மூலம். குறையவே இல்லைன்னா தேட வேண்டிய இடம் வேற. எந்த ஸ்கேனும் சொல்லாத பதில் சில சமயம் இந்த ஊசியில கிடைச்சுடும்.

ரிப்போர்ட் கையில வந்தாச்சு, அடுத்து?

கேம் மார்ஃபாலஜின்னு இருந்தா அது வடிவத்தைச் சொல்றது. லேப்ரல் டேர்னா கிழிசல், வயசுக்கு ஏத்த மாதிரியும் இருக்கலாம். ஜாயின்ட் ஸ்பேஸ் மெயின்டெய்ன்ட்னு போட்டிருந்தா இடைவெளி நல்லா இருக்கு, அது நல்ல சேதி. இந்த கடைசி வரியை யாரும் படிக்கிறதே இல்ல.

மூணும் பொருந்தி வியாதின்னு உறுதியானாலும் முதல்ல நேரா ஆபரேஷன் இல்ல. முட்டுற நிலையை கொஞ்ச நாள் தவிர்க்கிறது, புட்டம், வயித்து தசைகளுக்கு பிசியோதெரபி, இப்படித்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பாங்க. 2018ல இங்கிலாந்து பக்கம் 23 ஆஸ்பத்திரியில 348 பேரை வெச்சு ஆபரேஷனையும் தனிப்பட்ட பிசியோதெரபியையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்துச்சு, ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் கூடுதல். குத்துக்கால் போட்டு களை பறிக்கிறவங்ககிட்ட குத்துக்கால் போடாதீங்கன்னு சொல்றது சுலபம், அன்னைக்கு கூலிக்கு யார் பொறுப்புன்னு அவங்க கேட்டா பதில் இல்ல. கக்கூஸுக்கு வெஸ்டர்ன் சீட்டோ ஓட்டை போட்ட நாற்காலியோ மாத்துறது மாதிரி முடியிறதை முதல்ல பண்ணலாம். பழைய ஃபிலிமை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு இடைவெளி குறைஞ்சிருக்கான்னு பாக்க அதுதான் வேணும்.

பெரியவங்க விஷயம் இப்படி நிதானமா போகலாம். பத்துல இருந்து பதினாறு வயசு பிள்ளை நொண்டி நடந்தா அப்படி விடக்கூடாது. வளர்ற எலும்போட தலை கழுத்துல இருந்து நழுவுற ஒரு கோளாறு அந்த வயசுல வரும், கொஞ்சம் உடம்பு போட்ட பசங்களுக்கு கூடுதலா. பிள்ளை தொடையையோ முழங்காலையோதான் காட்டி அழும், முழங்கால் எக்ஸ்ரே நார்மல்னு வந்துடும், அதுக்குள்ள நழுவல் கூடிடும். அப்படி நழுவி ஆறினவங்களுக்கும் பின்னாடி கேம் புடைப்பு வரலாம். ரெண்டு ஹிப்பும் தெரியிற மாதிரி ஏ.பி.யும் காலை தவளை மாதிரி விரிச்சு எடுக்குற படமும் அன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க, டாக்டர் பாக்குற வரைக்கும் பிள்ளையை நடக்க விடாதீங்க, தூக்கிட்டே போங்க.